இசைத்தட்டா, சிடியா, கோப்பா? இசை ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என்னிடம் இசைத்தட்டுகள் இருக்கின்றன, சிடிகள் இருக்கின்றன, ஒரு வன்தட்டு நிறையப் பாட்டுக் கோப்புகளும் இருக்கின்றன. மூன்றிலும் விடாமல் கேட்கிறேன். இசை கேட்கிற நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இதில் 'தட்டு' என்று வருவதெல்லாம் வினைல் இசைத்தட்டு, பெரும்பாலும் 12 அங்குல எல்பி.

மூன்றில் எதில் ஒலி சிறப்பாக இருக்கும்?

அளந்து பார்த்தால் சிடி. தட்டுகள் மேல் அத்தனை பிரியம் இருந்தும் இதைத் தயங்காமல் சொல்வேன். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சிடியில் 96 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை இடம் உண்டு. நல்ல தட்டை நல்ல கருவியில் ஓட்டினாலும் 60 முதல் 70 டெசிபல்தான் கிடைக்கும். தட்டில் ஊசி உரசும் சத்தம் எப்போதும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். நடுத்துளை கொஞ்சம் விலகியிருந்தாலும் சுருதி ஊசலாடும். இடப்பக்க ஒலி வலப்பக்கம் கசியும். சிடியில் இவையெல்லாம் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைவு. சிடியிலிருந்து இழப்பில்லாமல் எடுத்த கோப்பு சிடிக்குச் சமம், இம்மியும் குறையாது.

ஆனால் நாம் கேட்பது அதற்குள் இருக்கிற பதிவைத்தானே? பாடலைக் கலந்து முடித்த பிறகு, வெளியீட்டுக்கு ஏற்றபடி அதன் சத்த அளவையும் அடி (பாஸ்), உச்ச (டிரெபிள்) ஒலிகளின் சமநிலையையும் சரிசெய்யும் கடைசி வேலைக்கு மாஸ்டரிங் என்று பெயர். கவனமில்லாமல் மாஸ்டரிங் செய்த சிடியைவிட, அக்கறையோடு பள்ளம் வெட்டிய தட்டு பல மடங்கு இனிமையாக இருக்கும். நேர்மாறாகவும் நடக்கும். கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

ஒரு தட்டுக்குள் பாட்டு எப்படி உட்கார்ந்திருக்கிறது?

எல்பியின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். வெளி விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு உள்ளே போகிறது. 20 நிமிடப் பக்கத்தின் பள்ளத்தைப் பிரித்து நீட்ட முடிந்தால் 400 மீட்டருக்கு மேல் வரும். அதற்கு இரண்டு சாய்வான சுவர்கள், ஒவ்வொன்றும் 45 பாகை. உள்சுவரில் இடப்பக்க ஒலி, வெளிச்சுவரில் வலப்பக்க ஒலி. ஒரே ஊசி இரண்டையும் சேர்த்து வாசிக்கிறது. 1958-ல் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தபோது இந்த முறையில்தான் வந்தன. இன்றும் அதேதான். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது ஆச்சரியமாகவே இருக்கிறது.

இதில் சிக்கல்கள் உண்டு. அடி ஒலிகளை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகல அகலமாக வளைந்து, பக்கத்துச் சுற்றுக்குள் புகுந்துவிடும். அதனால் வெட்டும்போதே அடி ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். கேட்கும்போது போனோ பிரீஆம்ப் என்ற சிறிய பெருக்கி அதைத் தலைகீழாக்கி நேராக்குகிறது. இதற்கான அளவுகோல்தான் 1954-ல் வந்த ஆர்ஐஏஏ வளைவு, அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கத்தின் பெயரால் வழங்குவது. இரண்டு கோடியிலும் சுமார் 20 டெசிபல் மாற்றம். டர்ன்டேபிளை, அதாவது தட்டைச் சுழற்றி ஓட்டும் கருவியை, ஆம்பின் சாதாரண உள்ளீட்டில் நேரடியாகச் செருகினால் ஒலி சன்னமாக, கீச்சென்று, அடியே இல்லாமல் வருவது இதனால்தான். கருவி கெட்டுப்போகவில்லை, பிரீஆம்ப் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, தட்டு சுற்றும் வேகம் மாறாது, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே ஒரு நொடி இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ' ஒலிகள் கரகரப்பது இந்த நெருக்கடியால்தான். மெதுவான பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைப்பது, ஒரு பக்கத்தை 20 நிமிடத்தை ஒட்டி முடிப்பது, அடி ஒலியை இடம், வலம் இரண்டுக்கும் நடுவில் வைப்பது என்று அந்தக் காலத்து ஆல்பங்களின் அமைப்பிலேயே இந்தப் பள்ளத்தின் குணம் கலந்திருக்கிறது.

தட்டின் 'கதகதப்பு' வெறும் பிரமையா?

பிரமை இல்லை. கேட்கிறது. ஆனால் அது மூலப் பதிவில் இருந்ததும் இல்லை. பெரும்பகுதி, தட்டும் ஊசியும் தாங்களாகச் சேர்க்கும் இனிய திரிபு. உச்ச ஒலிகள் கொஞ்சம் மழுங்குகின்றன, இரண்டு பக்க ஒலிகளும் சற்றுக் கலக்கின்றன. வெட்டுகிறவர் கூர்மையான ஒலிகளை முன்கூட்டியே அடக்கவும் செய்திருப்பார். இதெல்லாம் சேர்ந்து காதுக்கு இதமாக இருக்கிறது. எனக்கும் பிடிக்கும். 'இதுதான் ஸ்டூடியோவில் ஒலித்தது' என்று சொல்லும்போதுதான் தவறாகிறது.

டிஜிட்டல் ஒலி படிக்கட்டு போலத் துண்டு துண்டாக இருக்கும் என்கிறார்களே?

இந்தப் படிக்கட்டுப் படம் பல வருடங்களாகச் சுற்றுகிறது, பலரைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறது. சிடியில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கிறார்கள், அதாவது ஒலி அலையை அத்தனை முறை அளந்து எண்ணாகக் குறிக்கிறார்கள். மாதிரிகளுக்கு இடையில் இருந்தது தொலைந்துவிடுகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் நைக்விஸ்ட், ஷானன் இருவரின் பெயரால் வழங்கும் தேற்றம் சொல்வது வேறு. மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதிக்குக் கீழே உள்ள அதிர்வுகள் எல்லாவற்றையும் அந்தப் புள்ளிகளிலிருந்து முழுமையாக மீட்டுவிடலாம். 44,100-ல் பாதி 22,050 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 22,050 அதிர்வு. நல்ல காது உள்ள இளைஞருக்கே 20,000 ஹெர்ட்ஸ்தான் எல்லை, வயது ஏற ஏற அது இறங்கும். கருவியிலிருந்து வெளியே வருவது வழவழப்பான அலைதான். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே படி எதுவும் இல்லை.

44,100 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? ஆரம்ப நாட்களில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்து வைத்தார்கள். வீடியோவின் வரிகளுக்குள் பொருந்திய எண் அது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து சிடியை உருவாக்கியபோது அதையே வைத்துக்கொண்டார்கள். 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது.

அப்படியானால் ஒரே ஆல்பம் சிடியில் காதைக் குத்துவதும் தட்டில் இதமாக இருப்பதும் ஏன்?

எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இது.

டிஜிட்டலில் சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு, அதற்கு மேல் ஒரு துளியும் ஏற முடியாது. ஆனால் சிறிய ஒலிகளை எல்லாம் தூக்கி அந்தக் கூரையை ஒட்டி நிறுத்த முடியும். பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு சத்தமாகக் கேட்டால் முதல் கேட்பில் கவரும் என்ற எண்ணத்தில் 1990-களிலிருந்து தயாரிப்பாளர்கள் ஒருவரை ஒருவர் முந்தினார்கள். இதைச் 'சத்தப் போர்' என்று சொல்கிறார்கள். மத்தளத்தின் அடி எழும்பாது, மெல்லிய முனகல் மெல்லியதாக இருக்காது, எல்லாம் ஒரே உயரத்தில் சுவர் போல நிற்கும். பத்து நிமிடத்தில் காது சலித்துவிடும். 2008-ல் வந்த, மெட்டாலிக்கா என்ற ராக் குழுவின் 'டெத் மேக்னெடிக்' ஆல்பத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் இவ்வளவு நசுக்கப்படாமல் இடம்பெற்றிருந்தன. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொதித்துப் போனார்கள்.

தட்டுக்கென்று தனியாக மாஸ்டரிங் செய்தால் இவ்வளவு நசுக்குவதில்லை. நசுக்கினாலும் பெரிய பலன் இல்லை, சத்தம் கூடினால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம்தான் குறையும். அதனால் சில ஆல்பங்களின் தட்டு வடிவம் உண்மையிலேயே மேலானது. அதன் பெருமை அதைத் தயார் செய்தவருக்குச் சேர வேண்டியது. அதே மாஸ்டரை ஒரு சிடியில் போட்டால் அங்கும் அப்படியே நன்றாக ஒலிக்கும். 1980-களில் வந்த பழைய சிடிகள் பல, பின்னால் மறுபடி மாஸ்டரிங் செய்து 'ரீமாஸ்டர்' என்ற முத்திரையோடு வந்தவற்றைவிட நிம்மதியாக ஒலிப்பதும் இதே காரணத்தால்தான். பழைய சிடிகளை யாராவது தூக்கிப்போடப் போகிறார்கள் என்றால் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

ஒரு எச்சரிக்கை. தட்டைக் கணினியில் பதிந்து ஏற்ற இறக்கத்தை அளந்து 'பார், சிடியைவிட இது அதிகம்' என்று எண்ணைக் காட்டுவார்கள். ஒரே மாஸ்டரிலிருந்து வந்திருந்தாலும் தட்டின் எண் கூடுதலாகவே வரும், ஏனென்றால் ஊசி வழியாக வரும்போது அலையின் உச்சிகள் இடம் மாறி உயர்ந்துவிடுகின்றன. எண்ணை விட்டுவிடுங்கள், காதால் ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்த அளவில் வையுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதே நல்லது என்று காது ஏமாந்துவிடும்.

புதிதாக வரும் தட்டுகளும் டிஜிட்டல் பதிவிலிருந்து வெட்டியவைதானே? அப்புறம் தட்டு எதற்கு?

பெரும்பாலும் ஆமாம். இன்றைய இசை கணினியில்தான் பதிவாகிறது. முழுக்க அனலாக், அதாவது ஒலியை எண்ணாக மாற்றாமலே தட்டுக்குக் கொண்டுவருவது, என்று பெயர் பெற்ற ஒரு மறுவெளியீட்டு நிறுவனம் இடையில் டிஜிட்டல் நகல் ஒன்றைப் பயன்படுத்தியது 2022-ல் தெரியவந்து பெரிய சர்ச்சையானது. அந்தத் தட்டுகளின் ஒலியைப் பல வருடம் காதால் கேட்டுப் பாராட்டியவர்களில் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. நல்ல டிஜிட்டல் நகல் ஒலியைக் கெடுப்பதில்லை.

தட்டு எதற்கு என்றால், எனக்கு அது உட்கார வைக்கிறது. உறையிலிருந்து எடுத்து, தூசு தட்டி, ஊசியை இறக்கினால் அடுத்த 20 நிமிடம் வேறெங்கும் போகத் தோன்றுவதில்லை. பாட்டைத் தாண்டிக் குதிக்க மனம் வருவதில்லை. ஒரு ஆல்பத்தை அதன் வரிசையில் கேட்கிறேன். 12 அங்குல அட்டைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் யார் வயலின், யார் டிரம்ஸ் என்று படிக்கிறேன். ஒலித்தரத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை, ஆனால் கேட்பதோடு நிறைய சம்பந்தம் உண்டு. அமெரிக்காவில் 2022-ல் விற்ற தட்டுகளின் எண்ணிக்கை சிடியை மிஞ்சியது, 1987-க்குப் பிறகு முதல் முறையாக. வாங்கியவர்கள் எல்லாம் டெசிபலை அளந்து வாங்கியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

180 கிராம் தட்டு வாங்கினால் ஒலி கூடுமா?

கூடாது. எடை கூடும், தட்டு கொஞ்சம் நேராக நிற்கும். எடை கூடுவதால் பள்ளம் மாறுவதில்லை.

எம்பி3 கேட்டால் பாதி இசை போய்விடுமா?

கோப்பின் அளவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சிடியில் ஒரு நிமிட இசைக்கு சுமார் 10.6 மெகாபைட் ஆகும். நொடிக்கு 320 கிலோபிட் தகவல் வைக்கும் எம்பி3-யில் 2.4 மெகாபைட், 128-ல் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. ஆனால் வீசி எறிவது கண்மூடித்தனமாக இல்லை. உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதை ஒட்டிய மெல்லிய ஒலியைக் காது கவனிப்பதில்லை. அப்படி மறைந்து போவதை அடையாளம் கண்டு அதைத்தான் குறைக்கிறார்கள். 128-ல் தாளத் தகடுகளின் சிதறலும் கூட்டத்தின் கைத்தட்டலும் தண்ணீருக்குள் கேட்பது போல இருக்கும். அதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். 256-க்கு மேல், எது எதுவென்று தெரியாமல் கேட்டால் பெரும்பாலோரால் பிரித்துச் சொல்ல முடியாது. என்னாலும் முடிவதில்லை.

கேட்பதற்கு எம்பி3 போதும். சேமித்து வைக்க வேண்டாம். ஒரு முறை எறிந்தது திரும்பி வராது, நாளைக்கு வேறு வடிவத்துக்கு மாற்றினால் இழப்பின் மேல் இழப்பு. சேமிக்க ஃப்ளாக் இருக்கிறது. 2001-லிருந்து யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் வடிவம், சிடியின் அளவில் பாதியை ஒட்டி வரும், ஒரு பிட்டும் குறையாது.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விற்கிறார்களே?

பிட் என்பது ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பது, கிலோஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை ஆயிரம் மாதிரி என்பது. பதிவுக்கூடத்துக்கு 24 பிட் மிகவும் தேவை. கேட்பவருக்குச் சிடியின் 16 பிட்டே தாராளம். அப்படி விற்கும் வெளியீடு சில நேரம் மேலாக ஒலிப்பது, அதற்கென்று மாஸ்டரிங்கைத் திரும்பச் செய்திருப்பதால். புளூடூத் இயர்போனில் கேட்பவர் இதற்குத் தனியாகச் செலவழிக்கவே வேண்டாம். அந்த இணைப்பு வழக்கமாக ஒலியை இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்புகிறது.

முதல் டர்ன்டேபிளில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஊசி தட்டை எவ்வளவு அழுத்துகிறது என்பதை. ஊசியைத் தாங்கும் சிறு பகுதிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். சாதாரண நல்ல கார்ட்ரிட்ஜுகள் 1.5 முதல் 2 கிராம் எடையில் ஓடும். பெட்டி வடிவில் வரும் மலிவான பிளேயர்கள் பலவற்றில் இது 5 கிராமைத் தொடும், குறைக்கவும் வழி இருக்காது. அவை பள்ளத்தைச் சீக்கிரம் தேய்க்கும். ஊசியைச் சுமக்கும் கையான டோன்ஆர்மின் பின்னால் நகர்த்தக்கூடிய எதிர் எடை இருக்கிறதா, ஊசியைக் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்கள். பெல்ட்டா, நேரடி மோட்டாரா என்ற விவாதத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம், இரண்டிலும் நல்லவை உண்டு. வைர ஊசியும் தேயும். 500 முதல் 1,000 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள். தேய்ந்த ஊசி கெடுப்பது தட்டை.

தட்டுகளை எப்படி வைத்துக்கொள்வது?

நிற்க வைத்து. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டுகள் வளையும். வெயிலும் சூடும் கூடவே கூடாது. வெயிலில் நின்ற காரின் பின்னிருக்கையில் நான் ஒரே ஒரு மதியம் மறந்து வைத்த தட்டு அப்பளம் போல நெளிந்துவிட்டது, அதைத் திரும்ப நேராக்க முடியவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் கார்பன் இழைத் தூரிகையால் தூசு எடுங்கள். அழுக்குத் தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவலாம், லேபிள் நனையாமல்.

1950-களுக்கு முந்தைய 78 சுற்றுத் தட்டுகள் வேறு சாதி. அவை அரக்கு கலந்து செய்தவை. ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் அவற்றின் மேல் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். எல்பி ஊசியாலும் அவற்றை ஓட்டாதீர்கள். அந்தப் பள்ளம் மிக அகலம், அதற்கென்று பருமனான ஊசி வேண்டும்.

சிடி அழியாது என்றார்களே, என் சிடிகளில் சில ஓட மறுக்கின்றனவே?

அழியாது என்பது மிகையான பேச்சு. ஆனால் கடையில் வாங்கிய, ஒழுங்காக அச்சிட்ட சிடி 40 வருடம் கழித்தும் ஓடுவதைப் பார்க்கிறோம். அடிப்பக்கக் கீறலுக்குப் பயப்படுவதைவிட மேல்பக்கத்துக்குப் பயப்படுங்கள். ஒளி படும் பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவலுக்கு இருக்கிறது. லேபிள் பக்கத்தில் அலுமினியப் படலத்தை மூடியிருப்பது மெல்லிய பூச்சு மட்டும். அங்கே கீறினால், பேனாவால் அழுத்தி எழுதினால், தகவலே உரிந்து போகும். அடிப்பக்கச் சிறு கீறலைப் பிழைதிருத்தம் பார்த்துக்கொள்ளும். தொடர்ந்து 2.5 மில்லிமீட்டர் தகவல் காணாமல் போனாலும் முழுதாக மீட்டுவிடும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

வீட்டில் எழுதிய சிடி-ஆர் வேறு கதை. அதில் இருப்பது சாயம். வெளிச்சத்திலும் சூட்டிலும் மங்கும். அதில் மட்டுமே உள்ள பதிவு ஏதாவது இருந்தால் இந்த வாரமே நகலெடுங்கள்.

சிடியைக் கணினிக்கு மாற்றும்போது ஒன்றும் குறையாமல் எப்படி எடுப்பது?

எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளை வைத்து ஃப்ளாக்காக எடுங்கள். நீங்கள் எடுத்த நகல், அதே சிடியை எடுத்த மற்றவர்களின் நகலோடு பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போகிறதா என்று அக்யூரேட்ரிப் என்ற தரவுத்தளத்தில் சரிபார்த்துச் சொல்லிவிடும். பெயர், ஆண்டு, கலைஞர்களை அப்போதே ஒழுங்காக எழுதிவிடுங்கள், பிறகு செய்யவே மாட்டோம். அப்புறம் இரண்டு வேறு வன்தட்டுகளில் வையுங்கள். சிடியையும் தூக்கிப்போடாதீர்கள்.

ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் கிடைக்கும்போது ஏன் வாங்க வேண்டும்?

புதியதைத் தேடிக் கண்டடைய ஸ்ட்ரீமிங் போல ஒன்று இல்லை, நானும் சந்தா கட்டுகிறேன். ஆனால் அது வாடகை வீடு. உரிமை ஒப்பந்தம் முடிந்தால் ஆல்பம் போய்விடும். சில நேரம் போகாமலே மாறிவிடும். நீங்கள் பழகிய பழைய மாஸ்டர் இருந்த இடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் புது ரீமாஸ்டர் வந்து உட்கார்ந்திருக்கும். பல வருடம் கேட்ட ஒரு பாட்டின் மெல்லிய முன்னிசை ஒருநாள் திடீரென்று சத்தமாக ஒலித்தபோது எனக்கு வீட்டில் யாரோ சாமான்களை நகர்த்திவிட்டது போல இருந்தது. உயிராக நினைக்கும் ஆல்பங்களைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள். எந்த வடிவம் என்று கேட்டால் என் பதில் சிடி. இன்று பழைய சிடியை யாரும் மதிப்பதில்லை, ஆனால் மூன்றிலும் நம்பகமான மூலப்படி அதுதான்.

வீட்டில் பழைய தட்டுகள் இருக்கின்றன, ஓட்டக் கருவி இல்லை. என்ன செய்யலாம்?

ஆசைக்குக் கிடைத்த பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் நிற்க வைத்து, பழுப்பேறிய உள்ளுறைகளை மாற்றுங்கள். லேபிளைச் சுற்றிப் பள்ளமில்லாத வளையத்தில் பொறித்திருக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அது எந்த வெட்டு என்று அதை வைத்துத்தான் தெரியும். பிறகு நல்ல கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து 24 பிட்டில் பதியச் சொல்லுங்கள். இங்கே 24 பிட் தேவை, சத்த அளவைக் கொஞ்சம் இறக்கி வைத்துப் பதிய இடம் கிடைக்கும். சொடக்குச் சத்தங்களை நீக்கிய படி ஒன்று இருக்கட்டும், ஆனால் கை வைக்காத மூலக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சத்தத்தோடு சேர்த்துக் குரலின் ஓரத்தையும் மென்பொருள் துடைத்துவிடுவதுண்டு, அதைத் திரும்பப் பெற மூலம் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற முடியாது என்றால், எந்தச் சேவையிலும் சிடியிலும் வராத தட்டு எது என்று தேடிப் பார்த்து அதில் தொடங்குங்கள்.